துணைக்கால்

"இந்தப் பொண்ணு ஒரு விண்ணப்பத்தைக்கூட சர்வர்ல ஏத்தலைன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க தம்பி. மீதியை நான் பாத்துக்கறேன்" என்றார் செயலாளர்.

விபத்தில் கால் இழந்தவர்களுக்கு இலவசமாகச் செயற்கைக் கால் கொடுக்கும் அறக்கட்டளை அது. நான் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். இந்த மாதிரி பஞ்சாயத்துக்கெல்லாம் கூப்பிடுவார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் வேறு தொழிலுக்குப் போயிருப்பேன்.

"வர்றதை எல்லாம் அன்னன்னிக்கே என் கையால ஏத்தறேன் அண்ணா" என்றாள் டைப்பிஸ்ட். அழுது முடித்த முகம்.

"ஏத்தினா எங்கே போச்சு? காக்கா தூக்கிட்டுப் போச்சா?" என்று அவளைக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "நாளைக்குக் கமிட்டி கூடுது. போன கூட்டத்துல இவ அழறதைப் பாத்துட்டு, தெரிஞ்ச ஆளை வெச்சு மெஷினைச் சோதிங்க, அப்புறம் வேலையை விட்டு அனுப்புங்கன்னு சொல்லிட்டாங்க. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

தன் திரையை என் பக்கம் திருப்பினார். 'கொடை' என்று ஒரு ஃபோல்டர். திறந்தால் காலி.

"பாத்தீங்களா? கேக்கறதுக்கு ஆளே இல்லை. வந்த நன்கொடையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அதான் கட்டடத்துக்குக் கொஞ்சம் மார்பிள் போட்டோம்."

கொஞ்சம் இல்லை, மாடிப்படி வரைக்கும் போட்டிருந்தார்கள். செயற்கைக் காலோடு வருகிறவர் வழுக்கி விழாமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

அவள் மேஜைக்குப் போனேன். அவளுடையது மேக். அதிலும் 'கொடை' என்று ஒரு ஃபோல்டர். திறந்தால் விண்ணப்பங்கள் வரிசையாக நின்றன.

"இதை அவர்கிட்ட காட்டலையாம்மா?"

"காட்டினேன் அண்ணா. அது உன் மெஷின்லயே கிடக்கு, சர்வருக்கு வரலைங்கறார்."

செயலாளருடையது விண்டோஸ். இருவருக்கும் பொதுவான சர்வர் லினக்ஸ். மூன்றும் மூன்று தினுசு. ஃபோல்டருக்குப் போகிற பாதையை எழுதும்போது ஒன்று கோட்டை இந்தப் பக்கம் சாய்க்கும், இன்னொன்று அந்தப் பக்கம் சாய்க்கும். பார்த்தேன், கோடு சரியாகத்தான் சாய்ந்திருந்தது. பேர் ஆங்கிலத்தில் இருந்தால் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று ஒரு வம்பு வரும். தமிழில் அந்த வம்பும் கிடையாது.

சர்வரையே திறந்தேன். 'கொடை' என்று ஒரு ஃபோல்டர். அதற்குக் கீழே 'கொடை' என்று இன்னொரு ஃபோல்டர்.

"ஒரே இடத்துல ஒரே பேர்ல ரெண்டு இருக்க முடியாதே அண்ணா?"

"ஒரே பேர் இல்லைம்மா. உன் 'கொ' வேற, அவர் 'கொ' வேற. அவர் மெஷின் கொம்பையும் துணைக்காலையும் சேர்த்து ஒரே குறியா அனுப்புது. உன்னோடது கொம்பைத் தனியா, துணைக்காலைத் தனியா அனுப்புது. நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. சர்வருக்குக் கால் பிரிஞ்சா வேற ஆள். நீ ஏத்தினது ஒரு 'கொடை'க்குப் போகுது, அவர் பாக்கறது இன்னொரு 'கொடை'யை."

"கால் தனியாப் போனதுக்கா என் வேலை போக இருந்தது?" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவளையும் கூட்டிக்கொண்டு செயலாளர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். எந்த மெஷினிலிருந்து வந்தாலும் கொம்பையும் காலையும் ஒன்றாகச் சேர்க்கிற மாதிரி நாலு வரி எழுதினேன். இரண்டு ஃபோல்டரையும் ஒன்றாக்கினேன். அவர் திரையில் விண்ணப்பங்கள் மளமளவென்று இறங்கின. முன்னூறுக்கு மேல் இருக்கும்.

"வெளியே பெஞ்சுல ஒருத்தர் கட்டையை ஊணிக்கிட்டு வந்து உக்காந்திருக்கார் சார். வாராவாரம் வந்து என்ன ஆச்சுன்னு கேக்கறார். போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று ஓடினாள்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்தப் பிழைப்பில் இப்படி ஒரு நாள் எப்போதாவதுதான் வாய்க்கும்.

செயலாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லைன்னு எழுதிக் கொடுத்துடறேன் சார்" என்றேன்.

"தாராளமா எழுதுங்க. நல்ல பொண்ணு." நிதானமாக வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "சேர்க்கறதுக்கு ரொம்ப நேரம் ஆகலையே. பிரிக்கறதுக்கும் அவ்வளவுதான் ஆகுமா?"

"எதைப் பிரிக்க சார்?"

"அந்தக் காலைத்தான். கமிட்டி வர்றதுக்குள்ள பழையபடி ஆயிடணும். போன தடவை பிரிச்சுக் கொடுத்தவர் இப்பல்லாம் ஃபோனை எடுக்கறதில்லை."