நல்ல கம்பெனி

அரங்கநாதனின் கார் இன்சூரன்ஸ் மறுநாளோடு முடிகிறது. நான்கு கம்பெனிக்காரர்களும் போனில் ஒரே மாதிரி இனிக்க இனிக்கப் பேசித் தலையைக் குழப்பியதில், அடிபட்ட வண்டிகளையே பார்த்துக் கேட்டுவிடலாம் என்று மெக்கானிக் ரெமிஜியஸின் ஷெட்டுக்கு வந்துவிட்டார். நொறுங்கிய கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் எந்தக் கம்பெனி என்று சாக்பீஸால் எழுதியிருந்தது.

"இது எப்படிப்பா?"

"இழுத்தடிப்பான் சார். ஒரு பம்பருக்கு மூணு மாசம் நடக்க விட்டான்."

"அது?"

"அவன் அதுக்கு மேல."

"யாருதான் ஒழுங்கா குடுக்கறான்?"

ரெமிஜியஸ் கடைசியில் நின்ற வெள்ளைக் காரைக் காட்டினார். "இவன்தான் சார். ஒரு கேள்வி கேக்கல. ஒம்பதே நாள்ல அந்தம்மா வீட்டுக்கே போய் முழுசாக் குடுத்துட்டான்."

"எந்தம்மா?"

"வண்டிக்காரர் சம்சாரம்."

அரங்கநாதன் அருகே போனார். அவருடைய காரின் அதே வெள்ளை, அதே மாடல். முன்பக்கம் சீட்டுவரை மடங்கியிருந்தது. டாஷ்போர்டுப் பிள்ளையார் மட்டும் கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பெயரைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். எழுதினால் எதற்கோ சம்மதித்ததுபோல் இருந்தது. எழுதாவிட்டால், இழுத்தடிக்கிறவன் பின்னால் மனைவி வனஜா தனியாக நடக்க வேண்டும். பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

"சரிப்பா, நான் கெளம்பறேன்" என்று கார் கதவில் சாவியை நுழைத்தார். அது திரும்பவில்லை. மறுபடியும் திருகினார்.

"சார்," என்றார் ரெமிஜியஸ் மெதுவாக, "உங்க வண்டி வெளிய நிக்குது."