உதைக்காத துப்பாக்கி

"என் வீட்டம்மாவுக்கு ஒரு கைத்துப்பாக்கி வேணும். இழுக்கச் சுலபமா இருக்கணும், சுட்டா உதைக்கக் கூடாது. அவ கையில பலமே இல்லை."

எங்கள் துப்பாக்கிக் கடைக்குள் வந்ததும் ஹார்லன் என்னிடம் சொன்னது இதுதான். மிசௌரியில் எங்களுக்கு அடுத்த மாவட்டத்தில் பண்ணை வைத்திருப்பவராம். அவர் மனைவி நெட்டி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

பக்கத்துப் பண்ணையில் பட்டப்பகலில் கதவை உடைத்துவிட்டார்களாம். போலீசுக்குச் சொன்னாலும் வந்து சேரும் தூரமா அது? அவர் வெளியே போயிருக்கும்போது நெட்டி தனி. குறி பார்த்துப் பழகவும் வேண்டும், வீட்டுக்குக் காவலாகவும் இருக்க வேண்டும். நியாயம்தான்.

எடுத்த எடுப்பில் ஹார்லன் குட்டியூண்டு ரிவால்வர் ஒன்றைக் காட்டினார். எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் செய்கிற அதே தப்பு. பெண் கை சின்னது, அதனால் துப்பாக்கியும் சின்னது! லேசான துப்பாக்கிதான் கழுதை மாதிரி உதைக்கும். ஒரே தடவை சுட்டுவிட்டு அந்தப் பெண் அதை அலமாரியில் போட்டுப் பூட்டிவிடுவாள்.

அதை விளக்கிச் சொல்லி, கொஞ்சம் கனமான ஒன்றை எடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிவிட்டு நெட்டியிடம் நீட்டினேன்.

குறுக்கே வந்து ஹார்லன் வாங்கிக்கொண்டார்.

தோட்டா ஏற்றுவதற்கு இழுக்கிற மேல் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தார். பாதியில் நின்றது. "இது அவளுக்கு ஒத்துவராது" என்று வைத்துவிட்டார்.

"ஆமா, எனக்கு ரொம்ப இறுக்கம்" என்றாள் நெட்டி. அவள் அதைத் தொடவே இல்லை!

அடுத்ததைக் கொடுத்தேன். அதையும் அவர்தான் பிடித்துப் பார்த்தார். பிடி தடிமனாம். நெட்டிக்கும் உடனே தடிமனாகிவிட்டது. அதற்கடுத்ததில் விசை கனமாம். அதற்கும் தலையாட்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடி வாங்க வந்துவிட்டுப் புருஷன் முகத்தில் மாட்டிப் பார்க்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

"மேடம், துப்பாக்கி உங்களுக்குத்தானே? நீங்க பிடிச்சுப் பாருங்க."

"அவரு பார்த்தா நான் பார்த்த மாதிரி" என்றாள்.

பற்றிக்கொண்டு வந்தது. திருடன் வந்து நிற்கும்போது, இரு, அவர் வரட்டும் என்றா சொல்லப் போகிறாள்? விடக் கூடாது என்று இரண்டு பேரையும் கடைக்குப் பின்னால் இருக்கும் சுடும் கூடத்துக்கு அழைத்துப் போனேன்.

போகிறபோது ஹார்லன், தனக்கென்று ஒரு பெரிய நாற்பத்தைந்து காலிபர் துப்பாக்கியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ராணுவத்தில் இருந்த காலம் தொட்டு அதுதான் அவருக்குப் பழக்கமாம். ஒரு தோட்டா சுட்டார். இலக்குக் காகிதத்தில் எங்கேயும் படவில்லை. தோட்டா மட்டம் என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு வலுக்கட்டாயமாக நெட்டியைச் சுட வைத்தேன். நிற்பது சரி, பிடிப்பது சரி. குண்டுகள் மட்டும் காகிதத்தின் மூலைக்கொன்றாகப் போயின. எனக்கு இன்னும் குழப்பம். இவ்வளவு ஒழுங்காக நிற்கிறவள் எப்படி இவ்வளவு கேவலமாகச் சுட முடியும்?

"நான்தான் சொன்னேனே" என்று அவளிடமிருந்து வாங்கினார் ஹார்லன். ஸ்லைடு சுலபமாக வருகிற, அதிகம் உதைக்காத துப்பாக்கி அது. அவர் சுட்டதெல்லாம் நடுவட்டத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது. மனிதர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான் உனக்கு, நெட்டி."

"இதுதான்" என்றாள் அவளும்.

லைசென்சை வண்டியிலேயே வைத்துவிட்டதாகச் சொல்லி அவர் எடுக்கப் போனார். அதற்குமேல் என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"மேடம், இப்பவாவது வாயைத் திறங்க. அவருக்குப் பிடிச்சதை நீங்க எதுக்கு வாங்கணும்? நாளைக்கு ஆபத்துன்னா அதைத் தூக்கப் போறது உங்க கை."

நெட்டி கதவைத் திரும்பிப் பார்த்தாள். கைப்பையைக் கீழே வைத்தாள். காது மூடியை மாட்டிக்கொள்ளும்படி எனக்குச் சைகை காட்டிவிட்டு, அவர் வைத்துவிட்டுப் போன அந்தப் பெரிய நாற்பத்தைந்தை எடுத்தாள். மிச்சமிருந்த தோட்டாக்களை நிறுத்தி நிதானமாகச் சுட்டாள்.

காகிதத்தின் நட்டநடுவில், எல்லாக் குண்டுக்கும் சேர்த்து ஒரே ஓட்டை.

தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்றி முறைப்படி வைத்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து சுடறேன், கண்ணு. எங்க ஊர்க் கடையில எல்லாருக்கும் என்னைத் தெரியும். அதான் இவ்வளவு தூரம் வந்தோம்."

"அப்போ இந்தத் துப்பாக்கி?"

"அவரு கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. உங்களுக்கு உதைக்காததா ஒண்ணு வாங்கிக்கலாமேன்னு ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டேன். அதோட சுடுற கிளப்புக்குப் போறதையே விட்டுட்டாரு. சிநேகிதங்க கூப்பிட்டாலும் போறதில்லை. நாள் பூரா சுவத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. எனக்குப் பார்க்கவே பயமா இருந்துச்சு. அப்புறம்தான் என் கையில பலம் போச்சு."

"ஆனா இதை உங்களுக்குன்னுதானே வாங்கறாரு?"

கடைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நெட்டி சட்டென்று கைப்பையை எடுத்து அணைத்துக்கொண்டு, பழையபடி குனிந்து நின்றாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"வீட்டுக்குப் போய் எனக்கு இது பிடிக்கலைன்னு சொல்லிடுவேன். காசைத் தண்டம் பண்ணிட்டியேன்னு கத்துவாரு. கத்திக்கிட்டே சனிக்கிழமை அதை எடுத்துக்கிட்டு கிளப்புக்குக் கிளம்பிடுவாரு."