சப்பையின் மூச்சு

"பெண்டாட்டி கட்டில்ல மூச்சுக்குத் தவிக்கிறா. புருஷன் நாய்க்கு மூச்சு ஆபரேஷன் பண்ணக் கொண்டு போறான். இந்த அநியாயம் வேற எங்கயாவது உண்டுமா?"

ஆரியசாலைத் தெரு முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் பிச்சம்மாள் சத்தமாகச் சொன்னாள்.

திரவியம் பிள்ளை கூடையைத் தூக்கிக்கொண்டு ஜட்காவில் ஏறினார். கூடைக்குள் சப்பை, 'கர்... கர்...' என்று இரைத்துக்கொண்டிருந்தது.

பிச்சம்மாள் அவருடைய மனைவி பொன்னம்மையின் அக்காள். தங்கைக்கு இழுப்பு முற்றிவிட்டது என்று கேள்விப்பட்டு நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தாள். வந்த இடத்தில் இந்தக் கூத்து.

"நானும் வாறேன். அந்த டாக்டரையும் நாலு வார்த்தை கேக்கணும்" என்று அவளும் வண்டியில் ஏறிவிட்டாள்.

சப்பை, போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் துரை வளர்த்த சீமை நாய். யுத்தம் வந்ததும் துரை கப்பல் ஏறினார். எஸ்டேட்டுக்குப் பலசரக்கு அனுப்பிக்கொண்டிருந்த பிள்ளையிடம் நாயை விட்டுப் போனார். யாரோ ஓங்கி அறைந்து அமுக்கியதுபோலத் தட்டை மூஞ்சி. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கீறல். துரை வைத்த பேர் யார் வாயிலும் நுழையாமல் சப்பை என்றே ஆகிவிட்டது.

மலைக்குளிரில் எப்படியோ சமாளித்த நாய், திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் நாலடி நடந்தால் நாக்கு நீலம் பாரித்து நின்றது. இப்போது மயங்கி விழவும் தொடங்கிவிட்டது.

"பொன்னம்மைக்கு இப்படி ஒரு டாக்டரைத் தேடினீங்களா?" வண்டியிலும் பிச்சம்மாள் விடவில்லை.

"பெரிய டாக்டர் எல்லாரும் பாத்தாச்சு, மைனி."

"பாத்து?"

பிள்ளை தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மிருக டாக்டர் சேஷன் வலியசாலைக்காரர். மதராசில் படித்தவர். அவரிடம் வருவதெல்லாம் மாடும் குதிரையும்தான். நாய்க்கு இந்த ஆபரேஷன் அவருக்கே முதல் தடவை. அதை அவர் மறைக்கவில்லை.

"படிக்கறச்சே ஒரு வெள்ளைக்காரர் பண்ணினதைக் கூட நின்னு பாத்திருக்கேன். மூக்குத் துவாரத்தைக் கொஞ்சம் அகலமா வெட்டிவிடணும். அண்ணத்துக்குப் பின்னாலே சதை நீளமாத் தொங்கி மூச்சை அடைக்கறது. அதையும் நறுக்கணும். ஆனா, குளோரோபாரம் இந்த ஜாதி நாய்க்கு ஆகாது. மயக்கத்திலேயே போயிடலாம். பண்ணாம விட்டா வர்ற கோடையைத் தாண்டாது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

பிச்சம்மாள் முந்திக்கொண்டாள். "நாய்தானே சாமி! போற காலத்துல போகட்டும். இதுக்குப் போயி கத்தியும் மருந்துமா?"

"செய்யுங்க டாக்டர்" என்றார் பிள்ளை.

கதவு சாத்தப்பட்டது.

பிள்ளை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்த 'கர்... கர்...' மெல்ல மெல்ல அடங்கியது. பிறகு சுத்தமாக நின்றது.

"நாக்கை வெளியில இழு! விலாவை அமுக்கு! விடாம அமுக்கு!" டாக்டர் கம்பவுண்டரிடம் கத்துவது கேட்டது.

பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. கை வெடவெடவென்று நடுங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பிச்சம்மாள் அவரை முறைத்துப் பார்த்தாள். நேற்று பொன்னம்மைக்கு இழுப்பு வந்தபோது வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சும்மா முதுகைத் தடவிக்கொண்டிருந்த மனுஷன், ஒரு நாய்க்காக இந்த நடுக்கம் நடுங்குகிறாரே!

உள்ளே ஒரு இருமல் கேட்டது. இன்னொன்று. சற்றுப் பொறுத்து டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பிழைச்சுடுத்து. ராத்திரி இங்கேயே இருக்கட்டும், நாளைக்கு வந்து கொண்டுபோங்கோ. உள்ளே வந்து ஒரு தடவை பாத்துடுங்கோ."

பிச்சம்மாளும் எட்டிப் பார்த்தாள். அதற்குமேல் நிற்க அவளுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு அதே வண்டியில் வீட்டுக்குத் திரும்பினாள்.

பொன்னம்மை முதுகுக்குத் தலையணைகளை அண்டக்கொடுத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். தூக்கம்கூட அப்படி உட்கார்ந்த நிலையில்தான்.

"துணிமணியை எடுத்து வைக்கேன். நீ என்கூட நாகர்கோவிலுக்கு வா" என்றாள் பிச்சம்மாள். "உன்னைவிட ஒரு நாய் பெரிசுன்னு நினைக்கிற மனுஷன்கூட நீ இருக்காண்டாம். நாய்க்கு மூச்சு நின்னதும் என்ன நடுக்கம் நடுங்கினார் தெரியுமா?"

பொன்னம்மை பதறி நிமிர்ந்தாள். "மூச்சு நின்னுதா? அக்கா, முதல்ல அதைச் சொல்லு. பிழைச்சுதா இல்லையா?"

"பிழைக்காம என்ன! சத்தமே இல்லாம மூச்சு விட்டுத் தூங்குது."

பொன்னம்மை கண்களை மூடிக்கொண்டாள். பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அவுகளை ஏசாத அக்கா. அவுக வேண்டாம்னுதான் சொன்னாவ. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் தாங்கமாட்டேன்னு அவுகளுக்குப் பயம். நான்தான் பிடிவாதமா அனுப்பினேன். உங்கிட்ட சொல்லாண்டாம்னதும் நான்தான்."

"உனக்கென்ன பைத்தியமாட்டீ?"

"வெட்டிச் சரியாக்க எனக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர்மார் எல்லாரும் கைவிரிச்சாச்சு. சப்பைக்கு இருக்குன்னு சொன்னாங்க..." அவளுக்கு இரைத்தது. "மூச்சு முட்டுறது எப்படியிருக்கும்னு இந்த வீட்டுல எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தராவது நல்லா மூச்சு விடட்டுமே, அக்கா!"