கேட்டில் விட்ட போன்

மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. தாயில்பட்டிப் பட்டாசு ஆலையில் வெடிக்குத் திரி செருகும் சினேகா, கல்லூரி விடுமுறைக்கு வேலைக்கு வந்தவள், வானத்தையே பார்க்கிறாள். கடலையும் காற்றையும் படிக்க உதவித்தொகை, கோடையில் ஆராய்ச்சிக் கப்பலில் சம்பளத்தோடு பயிற்சி. அதற்கான நேர்காணல் இன்று மூன்று மணிக்குப் போனில். எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். ஆலைக்குள் போனுக்குத் தடை; அவளுடையதும், எல்லாருடையதையும் போல, கேட்டில் வாட்ச்மேனிடம். "கொஞ்ச நேரம் விடுங்க அண்ணாச்சி" என்று காலையிலிருந்து கெஞ்சுகிறாள். "தீபாவளி ஆர்டர் கெடக்கு, சாயங்காலம் போ" என்கிறார் போர்மேன். இடி இடித்தால் மட்டும் எல்லாரையும் வெளியே அனுப்பியாக வேண்டும். ஊரே அஞ்சும் இடியை அவள் ஒருத்தி இருக்கன்குடி மாரியம்மனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்து மில்லில் மூன்று மணிச் சங்கு ஊதி அடங்குகிறது. அதன் பிறகுதான் இடிக்கிறது. விசில் சத்தத்தில் பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். வெறுங்காலோடு எல்லாரையும் முந்திக் கேட்டுக்கு வருகிறாள் சினேகா. விரலெல்லாம் வெள்ளி நிற வெடிமருந்து. "மாமா, என் போன் அடிச்சுச்சா?" வாட்ச்மேன் முனியராஜ் போன் பெட்டியைத் துண்டால் மூடி, பிள்ளையைப் போல மடியில் வைத்திருக்கிறார். "பயப்படாத தாயீ. மேகம் கறுத்ததுமே, மின்னல் இழுத்துரும்னு அம்புட்டு போனையும் ஆஃப் பண்ணிப்புட்டேன்."