நாலு வெள்ளைக் குட்டிகள்

"இது யார் பக்கத்துச் சமாச்சாரம்னு பார்த்துடலாம்டா!"

வந்ததும் வராததுமாக நாத்தனார் தன் தம்பியிடம் சொன்னது இதுதான். குழந்தையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பெற்றவளுக்குப் பகீரென்றது. மடியில் கிடந்த குழந்தைக்கு முடி, புருவம், இமை எல்லாமே பஞ்சாக வெள்ளை. பிறந்ததிலிருந்து அப்பன் அதைக் கையால் தொடவில்லை.

"எங்க ரெண்டு பேர்கிட்டேருந்தும் வந்ததுன்னு டாக்டர் சொன்னார் அண்ணி" என்றாள் மெதுவாக.

"டாக்டர் ஆயிரம் சொல்வாரு" என்று கணவன் சீறினான். "நம்ம வம்சமே கருகருன்னு இருக்கு. இது இவ பக்கம்தான்க்கா."

"அப்ப என் முயல் பண்ணைக்கு வா. நீயே ஒரு கருப்பு ஆண் முயலைப் பொறுக்கு. வெள்ளைப் பெண் முயலோட சேர்ப்போம். வெள்ளைக்கு ஒளிக்கத் தெரியாது, அதுகிட்ட கொடுக்க வெள்ளை மட்டும்தான் இருக்கு. எல்லாக் குட்டியும் கருப்புன்னா உன் ஆள் சுத்தக் கருப்பு. வெள்ளை பிறந்தா, அவனும் உள்ளே வெள்ளையை ஒளிச்சு வச்சிருக்கான். அப்பன் பங்கும் சேராம வெள்ளைக் குட்டி பிறக்காது."

"சரி. நான்தான் அந்தக் கருப்பன்னு வச்சுக்கோ!"

இப்படிச் சோதிக்காமல் ஓர் ஆண் முயலையும் நாத்தனார் விற்றதில்லை. இந்த விஷயத்தில் அவள் அவ்வளவு கறார். என் பிள்ளையின் தலையெழுத்து கடைசியில் முயல் கையிலா என்று பெற்றவள் நொந்துபோனாள்.

குட்டிகளுக்கு முடி முளைத்ததும் நாத்தனார் எல்லோரையும் வரச் சொன்னாள்.

பெட்டிக்குள் அஞ்சு கருப்பு, நாலு வெள்ளை. அவன் குனிந்து, திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"அப்போ... நானுமா அக்கா?"

"பின்னே? இவளை மட்டும் கரிச்சுக் கொட்டினா ஆச்சா?"

அவன் மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கினான். "வெயில்ல கண்ணு கூசுது பாரு" என்று அதன் முகத்துக்கு நேரே உள்ளங்கையைப் பிடித்தபடி வெளியே மரத்தடிக்கு நடந்தான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொள்ளப் பண்ணையின் பின்பக்கம் ஒதுங்கினாள். அங்கே ஒரு கூண்டில் வெள்ளை ஆண், வெள்ளைப் பெண் என்று ஒரு ஜோடி. அதன் பெட்டியில் ஒரே ஒரு வெள்ளைக் குட்டி, கூடவே நாலு கருப்பு!

"அண்ணி, வெள்ளைக்கும் வெள்ளைக்கும் கருப்பு எப்படிப் பிறக்கும்?"

"உஷ், மெல்லப் பேசு" என்று நாத்தனார் ஓடி வந்தாள். "உன் புருஷன் பொறுக்கின சனியன் சுத்தக் கருப்பு. ஒண்ணு விடாம எல்லாத்தையும் கருப்பாப் பெத்துத் தொலைச்சுது. அதான் ராவோட ராவா நாலை மாத்தி வச்சேன்."

"நீங்களா அண்ணி பொய் சொன்னீங்க?"

"முயலைப் பத்தித்தாம்மா பொய். என் தம்பியைப் பத்திச் சொன்னது நிஜம்."