விரலுக்கேற்ற மேண்டலின்

"இதுவும் ஒத்து வரலை, டெஸ்." நோரீன் மேண்டலினை மேசைமேல் வைத்துவிட்டு, வீங்கிய விரல் மூட்டுகளைத் தேய்த்துக்கொண்டாள். "கழுத்து ரொம்ப ஒடுக்கம். ஒரு தந்தியை அழுத்தினா பக்கத்துத் தந்தியும் சேர்ந்து ஊமையாகுது."

"போன வாரம் கொடுத்தது?"

"அது உலக்கை மாதிரி தடி. கட்டைவிரல் ரெண்டு நாள் வலிச்சுது."

லான்செஸ்டன் ஊரில் அந்த இசைக்கருவிக் கடையை டெஸ்மண்ட் தனியாகத்தான் நடத்திவந்தார். மனைவி இறந்தபின் வீட்டிலும் தனிதான். மூன்று மாதமாக வியாழக்கிழமைதோறும் நோரீன் தன் விரலுக்கேற்ற மேண்டலின் தேடி வருகிறாள். அன்றைக்கு மட்டும் அவர் இரண்டு கோப்பை தேநீர் போடுவார்.

"அடுத்த வியாழன் வேற ஒண்ணு காட்டறேன்."

"அடுத்த வியாழன் நான் இங்க இருக்கமாட்டேன், டெஸ். பெர்த்துல மகன் வீட்டுக்கே குடிபோறேன். சனிக்கிழமை விமானம்."

டெஸ்மண்ட் உள்ளறைக்குப் போய் வேறொரு மேண்டலினை எடுத்து வந்தார். நோரீன் அதை மடியில் வைத்து வாசித்துப் பார்த்தாள். கழுத்து அகலமாகவும் மெலிதாகவும் இருந்தது. விரல்கள் வலியில்லாமல் நகர்ந்தன.

"எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே! இது எப்ப வந்துச்சு?"

"நீங்க வந்த ரெண்டாவது வாரமே." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வாங்கிட்டா அப்புறம் இந்தப் பக்கம் வரமாட்டீங்களேன்னு..."

நோரீன் மேண்டலின் தலைப்பக்கத்துத் திருகுகளைத் தொட்டுக் காட்டினாள்.

"அட அசடே! இதுல எட்டுத் தந்தி இருக்கு. இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் திருகிச் சுருதி சேர்க்க முடியுமா? வாராவாரம் உன்கிட்டதானே வந்திருப்பேன்."