வீட்டுக்குப் போகும் வழி

ஐந்தாவது படத்திலும் அவன் நின்றான்.

ரொஷேல் மிஸ் பசைப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு, மற்ற நான்கு படங்களையும் பக்கத்தில் பரப்பிப் பார்த்தாள். அதே நெட்டை உருவம். அதே சாம்பல் நிறச் சேர்ட், கையில் அதே சிவப்பு ஹெல்மெட். மோட்டார் சைக்கிளை மட்டும் ஒரு படத்திலும் காணவில்லை.

கொழும்பு கொட்டாஞ்சேனையிலுள்ள அந்தப் பெண்கள் பாடசாலைக்கு அவள் சித்திர ஆசிரியையாக வந்து எட்டு மாதம் ஆகிறது. கண்காட்சிக்காக ஏழாம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள். "வீட்டுக்குப் போற வழியில ஒவ்வொரு நாளும் என்னத்தைக் காணுறீங்களோ, ஒண்டும் விடாமக் கீறுங்க." முப்பத்திரண்டு படங்களையும் தெருத்தெருவாகச் சேர்த்து ஒட்டினால் சுவர் நீளத்துக்கு ஒரு வரைபடம் வந்துவிடும். கோயில் மணிக்கூண்டு, மீன் வண்டி, லொத்தர்ச் சீட்டு விற்கிறவர் எல்லாம் உயிரோடு வந்திருந்தன.

அவனும் வந்திருந்தான். வெள்ளைச் சீருடைகளுக்குப் பின்னால், ஒரு படத்தில் மின்கம்பத்தடியில், இன்னொன்றில் பேக்கரி வாசலில். மற்றப் பிள்ளைகள் அவன் முகத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். ரதி மட்டும் அதில் ஒரு சிரிப்பைக் கீறியிருந்தாள்.

ஐந்தும் ஜம்பட்டா வீதிப் பக்கம் போகிற பிள்ளைகளின் படங்கள். ரொஷேல் தனியாக வாடகைக்கு இருக்கிற அறையும் அந்தப் பக்கம்தான். மணி அடித்ததும் அவள் முன்னால் நடந்துவிடுவாள்; பிள்ளைகள் பின்னால் ஆறுதலாகக் கதைத்துக்கொண்டு வருவார்கள். ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருக்கலாமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

படங்களை அள்ளிக்கொண்டு பாடசாலை அதிபர் மிஸஸ் நாகேந்திரத்திடம் ஓடினாள்.

"பிள்ளைகள் கண்டதையும் கீறுவாங்க ரொஷேல்," என்றார் அதிபர். ஆனால் படங்களைத் திருப்பித் தரும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. "பேரன்ட்ஸுக்கு இப்ப சொன்னா பெரிய கலவரம் வரும். நாளைக்கும் வெள்ளிக்கிழமையும் ஹியூபேட்டை விட்டுப் பாப்பம்."

ஹியூபேட் பாடசாலையின் கேற் காவலாளி. ரொஷேலுக்கு அந்த இரண்டு நாளும் நீர்கொழும்பில் ஆசிரியர் பயிற்சி. அங்கே யாரோ களிமண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவள் கைபேசியையே பார்த்தபடி இருந்தாள்.

வெள்ளி பின்னேரம் ஹியூபேட் அழைத்தார். "மிஸ், ரெண்டு நாளும் வீடு வரைக்கும் பிள்ளைகளுக்குப் பின்னாலயே போனனான். அப்பிடி ஒருத்தனும் இல்ல."

"வடிவாப் பாத்தீங்களா அங்கிள்?"

"மாதா சத்தியமா இல்ல மிஸ்."

அதிபர் அத்தோடு அந்தக் கதையை விட்டுவிட்டார். ரொஷேலால் முடியவில்லை. திங்கட்கிழமை மணி அடித்ததும் ஐந்து பேரையும் கேற்றடியில் மறித்தாள். "இண்டைக்கு நான் உங்களோட வீடு வரைக்கும் வாறன்."

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். துறைமுகப் பக்கம் வானம் கறுத்து, கிரேன்கள் மழைக்குள் மங்கிக்கொண்டிருந்தன. காற்றில் கடல் மணத்தது.

ஃபாமசியின் கண்ணாடிக் கதவைக் கடந்தபோது அதில் ஒரு சிவப்பு அசைந்தது.

ரொஷேல் நின்றாள். சிவப்பும் நின்றது. அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவின் மற்றப் பக்கம் மாறினாள். அடுத்த கடைக் கண்ணாடியில் அதுவும் மாறி வந்தது. சாம்பல் நிறச் சேர்ட், நெட்டை உருவம்.

"எல்லாரும் கையைப் பிடிங்க. வேகமா நடங்க."

ஒவ்வொரு பிள்ளையாக வீட்டு வாசலில் ஒப்படைத்தாள். "கொஞ்ச நாளைக்குத் தனிய வெளியில விடாதீங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல நிற்கவில்லை.

மிச்சம் ரதி மட்டும். அவள் வீடு தொடர்மாடியில் மூன்றாம் தட்டு. அம்மா யோகேஸ்வரி ஆடைத் தொழிற்சாலையில் வேலை. ஆறு மணிக்குத்தான் வருவாள். படியில் அவர்களைத் தவிர ஒருவருமில்லை.

வராந்தாச் சுவருக்கு மேலால் ரொஷேல் எட்டிப் பார்த்தாள். அவன் கீழே கேற்றடியில் மழையில் நனைந்துகொண்டு நின்றான். ஹெல்மெட்டைப் போடவில்லை. முகம் மேலே பார்த்தபடி இருந்தது. அவள் கைபேசியில் பொலிஸ் இலக்கத்தை அழுத்தி, அழைக்காமல் வைத்துக்கொண்டாள். முதலில் பிள்ளை உள்ளே போகட்டும்.

"ரதி, உள்ளுக்குப் போய்க் கதவைப் பூட்டு. அம்மா வாற வரைக்கும் ஒருத்தருக்கும் திறக்காத."

"ஓம் மிஸ்."

சாவியைத் திருப்பிய பிள்ளையின் முகத்தில் பதற்றத்தின் சாயலே இல்லை. ரொஷேல் முழந்தாளிட்டு அவளுடைய தோளைப் பிடித்தாள்.

"இவ்வளவு நாளா ஏன் ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல? உங்களுக்குப் பயமா இருக்கேல்லையா?"

ரதி கீழே கேற்றடியைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் விளங்காதவள் போல மிஸ்ஸைப் பார்த்தாள்.

"எங்களுக்கு ஏன் மிஸ் பயம்? அவர் ஒவ்வொரு நாளும் உங்களுக்குப் பின்னாலதானே வாறவர்."